முருகைக்கல் சுவருக்கு 1:1:6 சாந்து போடலாமா? – வெளிநாட்டுக் குழுவோடு களப்பயிற்சி

களமாணவி · மாசி 2, இரவு 9:40

பங்குனியில் மூன்று கிழமைக் களப்பயிற்சி. எங்கட பக்கத்தில் எட்டுப் பேர், நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஆறு பேர். வலிகாமத்தில் கூரை போன, முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்) கட்டின ஒரு பழைய தேவாலயச் சுவரும் அதற்குக் கிட்ட ஒரு நாற்சார் வீடும் (நடுவில் முற்றம் உள்ள வீடு) எடுத்திருக்கிறம். அங்கிருந்து வந்த திட்டத்தில் நாலு வேலை இருக்கு: சுவரை அளந்து வரைதல், பழைய சாந்தை அமிலத்தில் கரைத்துக் கலவை விகிதம் கண்டுபிடித்தல், உப்புப் பார்த்தல், கடைசியில் சோதனைக்கு ஒரு சதுர மீற்றர் மூட்டு அடைத்தல். சாந்துக்குச் சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 எண்டு போட்டிருக்கு.

பையில அடைச்சு வாற, நீரில் இறுகும் சுண்ணாம்பு இங்க எடுக்கிறது கஷ்டம். தனிச் சுண்ணாம்பு மாரிக்கு நிக்காது. அதனால 1:1:6தான் நடைமுறைக்குச் சரி என்பது என்ர நிலைப்பாடு. பிழையெண்டால் காரணத்தோட சொல்லுங்கோ.

முருகைக்கல் · மாசி 2, இரவு 11:15

போடாதேங்கோ தங்கச்சி.

ஆறு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சீமெந்து எண்டால் செங்கல்லுக்கு மெல்லிய சாந்துதான். முருகைக்கல்லுக்கு அது கடினம். சுவருக்குள்ள ஏறுகிற ஈரம் எந்த வழி சுலபமோ அந்த வழியால வெளிய வரும். மூட்டு கல்லை விட மென்மையாக, துளை கூடினதாக இருந்தால் ஈரம் மூட்டால வரும், உப்பும் மூட்டில படியும், மூட்டு உதிரும். உதிர்ந்த மூட்டைத் திருப்பி அடைக்கலாம். சீமெந்து கலந்த மூட்டு வழியை அடைத்தால் ஈரம் கல்லால வரும், உப்புக் கல்லுக்குள்ள பளிங்காகும், கல்லு மாவாகக் கொட்டும். கொஞ்சக் காலத்தில கல்லெல்லாம் உள்வாங்கி, சீமெந்து மூட்டு மட்டும் சட்டம் மாதிரி வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும். அந்தக் கல்லைத் திருப்பி வைக்க முடியாது. கடற்கரையில் முருகைக்கல் அகழ்வதே சட்டத்தில தடை.

இதோட சீமெந்து தன்ர பங்குக்குச் சோடியம், பொற்றாசியம் உப்புகளையும் சுவருக்குள்ள விடும்.

"கொஞ்சம் சீமெந்து, மிச்சம் சுண்ணாம்பு" எண்ட சமரசமும் உதவாது. சீமெந்து முதல் இறுகிச் சின்னத் துளைகளை அடைக்கும். சுண்ணாம்பு இறுகக் காற்றில இருக்கிற காபனீரொட்சைட்டு வேணும், அது உள்ள போக வழியில்லாமல் சுண்ணாம்பு பாதியில நிண்டுவிடும்.

சுண்ணாம்புச் சூளை · மாசி 3, காலை

"மாரிக்கு நிக்காது" என்பதற்கு ஒரு பதில். ஐப்பசியில பூசினால் நிக்காது, உண்மை. யாழ்ப்பாணத்து மழையில பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை விழுந்து முடியும். சுண்ணாம்பு வேலை தை கடைசியில தொடங்கிச் சித்திரைக்குள்ள முடிஞ்சால், அடுத்த வாடைக்கு முதல் மேல் தோலாவது இறுக ஆறு மாதம் கிடைக்கும். உங்கட பங்குனி நல்ல காலம்தான். அந்த நேரத்துப் பகை மழையில்லை, வெயில். ஈரம் காயும் முன்னம் இறுகாவிட்டால் சாந்து மாவாகவே நிக்கும். சணல் சாக்கை நனைத்துச் சுவரில தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணி தெளித்து, குறைஞ்சது ஏழு நாள் காக்கவேணும். சாக்கு சாந்தில ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கோ.

மூன்று கிழமைப் பயிற்சியெண்டால் அடைக்கிற வேலையைக் கடைசியில வைக்க ஏலாது. இரண்டாம் கிழமைத் தொடக்கத்தில வையுங்கோ. இல்லாட்டி நீங்கள் எல்லாரும் போன பிறகு சாக்கு நனைக்க ஆள் இருக்காது.

களமாணவி · மாசி 3, பின்னேரம்

சரி, சீமெந்தை விடுகிறன். அப்ப பழைய சாந்தின்ர விகிதத்தையே எடுத்து அதே மாதிரிச் செய்யலாம்தானே? அமிலச் சோதனை அதற்குத்தான். 10 வீத ஐதரோகுளோரிக் அமிலத்தில சுண்ணாம்பு கரையும், மணல் மிஞ்சும், நிறுத்தால் விகிதம் வரும்.

முருகைக்கல் · மாசி 3, இரவு

இந்த இடத்திலதான் ஐரோப்பாவில எழுதின செய்முறை யாழ்ப்பாணத்தில சறுக்கும். அங்க மணல் பெரும்பாலும் குவாட்ஸ், அமிலத்துக்கு அசையாது. இங்க பழைய சாந்தில போட்ட மணலுக்குள்ளேயே முருகைத் தூளும் சிப்பித் துண்டும் கிடக்கு. அதுவும் கல்சியம் காபனேற்று, சுண்ணாம்போட சேர்ந்து அதுவும் கரையும். 1:3 ஆகக் கலந்த சாந்து உங்கட தராசில 1:1 எண்டு வரும். அதை நம்பி 1:1 கலந்தால் சுருங்கி, முடி முடியாக வெடிக்கும்.

செய்யவேண்டியது இதுதான். மூன்று சென்ரிமீற்றர் அளவில உடையாத சாந்துக்கட்டி ஒண்டை ரெசினில பதித்து, 30 மைக்ரோன் தடிப்புக்குத் தேய்த்து நுணுக்குக்காட்டியில பாருங்கோ. முருகைத் துண்டில உயிர் இருந்த அறைகளின்ர சுவர் தெரியும், சிப்பியில அடுக்கு தெரியும். இறுகின சுண்ணாம்பு ஒழுங்கில்லாத மண்ணிறக் கூழாகத் தெரியும். சரியாகக் கலக்காத சுண்ணாம்புக் கட்டி மணல் இல்லாத திட்டாக நிக்கும், சூளைக் கரித்துண்டும் அங்கங்க கிடைக்கும். புள்ளி எண்ணி விகிதம் எடுக்கலாம். வெட்டுமுகம் செய்ய வசதி இல்லையெண்டால், இன்னொரு 50 முதல் 100 கிராம் துண்டை மரச் சுத்தியலால மெதுவாக உடைத்து, 4, 2, 1, 0.5, 0.25, 0.125 மில்லிமீற்றர் அரிதட்டுகளில அரித்து, ஒவ்வொரு தட்டையும் பத்து மடங்கு லென்சில பார்த்து முருகைத் துணிக்கையைப் பிரியுங்கோ. அமிலத்தை அதற்குப் பிறகு, அரித்துப் பிரித்த குவாட்ஸ் பங்கை உறுதிப்படுத்த மட்டும் பாவிக்கலாம்.

நாற்சார் · மாசி 4

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். மாதிரி எடுக்க முன் எந்தச் சாந்து மூலச் சாந்து, எது பிந்திய திருத்தம் என்று பிரிக்க வேண்டும். புதிதாக உடைத்த முகத்தில் பினோல்தலீன் ஒரு துளி விடுங்கள். நூற்றாண்டுகள் நின்ற சுண்ணாம்புச் சாந்து நிறம் மாறாது. உள்ளே இளஞ்சிவப்பாக வந்தால் அண்மைக்காலச் சீமெந்து, அல்லது இன்னும் இறுகாத சுண்ணாம்பு.

கல்லையும் பிரித்துக் குறியுங்கள். ஒரே சுவரில் முருகைக்கல்லும் குடாநாட்டுச் சுண்ணக்கல்லும் கலந்து நிற்கும். முருகைக்கல்லின் முகத்தில் நட்சத்திரம் போன்ற குழிகள் தெரியும், சுண்ணக்கல் இறுக்கமானது. இரண்டும் உப்பை ஒரே மாதிரித் தாங்குவதில்லை. சிதைவு வரைபடத்தில் கல் வகை ஒரு நிறத் தளமாக இல்லாவிட்டால், ஏன் இந்தக் கல் போனது, பக்கத்துக் கல் நிற்கிறது என்பதற்கு உங்களிடம் விடை இருக்காது. சிதைவின் பெயர்களுக்கு இகோமோஸ் (நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பு) 2008 இல் வெளியிட்ட படவிளக்கச் சொல்தொகுதியை இரு பக்கத்து மாணவரும் பாவிக்கட்டும். ஒருவர் "உதிர்வு" என்று எழுதுவதை மற்றவர் "செதில்" என்று எழுதினால் வரைபடங்களை ஒன்றுசேர்க்க முடியாது.

சுண்ணாம்புச் சூளை · மாசி 4, இரவு

அப்ப கலவைக்கு வருவம்.

சுட்ட சுண்ணாம்புக் கட்டியைத் தண்ணிக்குள்ள போடவேணும். சுண்ணாம்புக்கு மேல தண்ணி ஊத்தப்படாது, கொதித்து முகத்தில தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒரு மாணவரையும் கிட்ட விடாதேங்கோ. நீறின கூழை 3 மில்லிமீற்றர் வலையால வடித்து, மேல எப்பவும் ஒரு சாண் தண்ணி நிக்கிற மாதிரித் தொட்டியில மூடி வையுங்கோ. மூன்று மாதம் குறைஞ்ச அளவு. மாசியில நீத்தினால் பங்குனிக்குக் காணாது. ஏற்கெனவே ஊறின கூழ் வைத்திருக்கிற மேசன்மாரைக் கேட்டு வாங்குங்கோ, கூழ் எத்தினை மாதம் ஊறினது எண்டதையும் கேட்டு எழுதுங்கோ. சிப்பியில சுட்டதெண்டால் சுட முதல் நல்ல தண்ணியில கழுவினவையோ எண்டு கேட்கவேணும்.

மணல்: மணற்காட்டு மணல் வடிவாக இருக்கும், ஆனால் காற்று அரித்துக் கொண்டுவந்து சேர்த்த மணல், எல்லாம் ஒரே அளவு உருண்டை. இடைவெளி கூட, சுண்ணாம்பு கூடக் கேட்கும், கூடச் சுண்ணாம்பு சுருங்கும். வன்னி ஆத்து மணலைப் பாதிக்கு மேல கலவுங்கோ. விகிதத்தை மனதால முடிவெடுக்கத் தேவையில்லை. நல்லாக் காய்ந்த மணல் ஒரு லீற்றரை அளவுப் பாத்திரத்தில தட்டி நிரப்பி, மேல்மட்டம் நனையும் வரை தண்ணி ஊத்துங்கோ. 330 மில்லிலீற்றர் பிடிச்சால் 1:3. 400 பிடிச்சால் 1:2½. எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு கூழ்.

மணல் உப்புப் பார்க்க, ஒரு கைப்பிடியைக் காய்ச்சி வடித்த தண்ணியில குலுக்கித் தெளியவிட்டு வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி. பால் மாதிரிக் கலங்கினால் திருப்பிக் கழுவுங்கோ. குழாய்த் தண்ணியிலயோ கிணத்துத் தண்ணியிலயோ இந்தச் சோதனை செய்யாதேங்கோ, தண்ணியே கலங்கும். கழுவுகிற தண்ணியும் உவர்க் கிணறெண்டால் கழுவி என்ன பலன்?

மழை நேராக அடிக்கிற மேல் வரிசைக்கு மட்டும் செங்கட்டித் தூள் சேருங்கோ. குறைஞ்ச சூட்டில சுட்ட பழைய ஓடு அல்லது செங்கல், மா மாதிரி இடிச்சு, 75 மைக்ரோனுக்குக் கீழ அரிச்சது. கூழின்ர அளவில பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை. இதுதான் நீங்கள் பைச் சுண்ணாம்பில தேடுகிற நீரில் இறுகும் தன்மையை இங்கேயே தரும்.

களமாணவி · மாசி 5

கடுக்காய்த் தண்ணி, பனங்கட்டி, முட்டை வெள்ளைக்கரு? எங்கட வயது போன மேசன் ஒருவர் கட்டாயம் எண்டு சொல்லுறார். நெதர்லாந்துப் பக்கம் "ஆதாரம் எங்கே" எண்டு கேட்குது.

முருகைக்கல் · மாசி 5, மத்தியானம்

இரண்டு பக்கத்தையும் மதிக்கிற வழி இருக்கு. ஒரு சதுர மீற்றரை நாலாகப் பிரியுங்கோ: வெறும் கூழும் மணலும், செங்கட்டித் தூளோட, பனங்கட்டி கடுக்காயோட, எல்லாம் சேர்த்து. மேசன் சொல்லுகிற அளவை அவரின்ர அளவுப் பாத்திரத்தோடேயே எழுதி, பிறகு மில்லிலீற்றருக்கு மாத்துங்கோ. "ஒரு சிரட்டை" எண்டால் அந்தச் சிரட்டையை வாங்கி அளவுங்கோ. ஊறவைத்த நேரம், தண்ணியின்ர நிறம், கலந்து எவ்வளவு நேரத்துக்குள்ள பாவித்தார், எல்லாம் வேணும். ஒவ்வொண்டிலும் 4 × 4 × 16 சென்ரிமீற்றர் கட்டி மூன்று வார்த்து வைத்தால் 28 நாள், 90 நாள் சோதனையை யாராவது பிறகு செய்யலாம்.

அந்த மேசனின்ர கை அறிவு இந்தக் களத்தில பதியவேண்டிய மரபு. அவரைத் தகவலாளராக மட்டும் வைத்துவிட்டுப் போகாதேங்கோ. நாள் கூலியைக் கணக்கில போடுங்கோ, அறிக்கையில பெயர் போட அவருக்கு விருப்பமோ எண்டு கேளுங்கோ.

ரோதை · மாசி 5, இரவு

உப்புப் பகுதியை ஒருவரும் தொடவில்லை. 8 அல்லது 10 மில்லிமீற்றர் ஊசியால் மெதுவாகத் துளையிட்டுத் தூள் எடுங்கள், கல்லில் வேண்டாம், மூட்டில். உயரம் 20, 50, 100, 150, 200 சென்ரிமீற்றர். ஒவ்வொரு உயரத்திலும் 0–1, 1–3, 3–5 சென்ரிமீற்றர் ஆழம் தனித்தனிச் சிறு போத்தலில். உடனே நிறுத்து, 105 பாகையில் காயவைத்துத் திருப்பி நிறுங்கள். ஈரம் வந்துவிடும். காய்ந்த தூள் 1 கிராமை 100 மில்லிலீற்றர் அயன் நீக்கிய நீரில் குலுக்கி, மறுநாள் மின்கடத்துதிறன் பாருங்கள், கரைந்த உப்பின் அளவு அதில் தெரியும்.

கையில் பிடித்துக் குத்துகிற ஈரமானி கொண்டுவருவார்கள். உப்புள்ள சுவரில் அது உப்பையும் ஈரமாகக் காட்டும். கோடையில் எலும்பாகக் காய்ந்த சுவருக்கும் "நனைந்திருக்கிறது" என்று சொல்லும்.

நாற்சார் · மாசி 6

105 பாகை எல்லா மாதிரிக்கும் ஒத்துவராது. ஜிப்சம் இருந்தால், சீமெந்துத் திருத்தம் உள்ள சுவரில் அது இருக்க இடமுண்டு, அந்தச் சூட்டில் ஜிப்சத்தின் பளிங்கு நீரும் போய், ஈரம் கூடக் காட்டும். 40 முதல் 60 பாகையில் நிறை மாறாத வரை வையுங்கள். நேரம் கூடப் பிடிக்கும்.

ரோதை · மாசி 6, பின்னேரம்

சல்பேற்று உள்ள மாதிரிக்கு நாற்சார் சொல்வது சரி. முதலில் சல்பேற்றுக் கடுதாசியால் பார்த்துவிட்டுச் சூட்டை முடிவெடுக்கலாம்.

சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பத வீதம்) பதிகருவி ஒன்றை இரண்டு இடத்தில் முழுநாளும் ஓடவிடுங்கள். சோடியம் குளோரைட்டு 75 வீதத்துக்கு மேல் ஈரத்தை இழுத்துக் கரையும், கீழே வந்தால் பளிங்காகும். யாழ்ப்பாணத்தில் பகலும் இரவும் இந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போகும். சுவரைத் தின்பது உப்பின் அளவு மட்டும் அல்ல, இந்த ஏற்ற இறக்கம். பகல் பத்து மணிக்கு ஒருமுறை எடுத்த வாசிப்பை வைத்து இது ஒன்றும் தெரியாது.

வரைபலகை · மாசி 6, இரவு

அளத்தல் பற்றி. டோட்டல் ஸ்டேஷன் (மின்னணு அளவைக் கருவி) வந்தாலும் முதல் இரண்டு நாள் நாடாவும் தூக்குக்குண்டும் பிடிக்க விடுங்கள். ஒரு நேர் அடிக்கோடு, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூலைவிட்டம். மூலைவிட்டம் எடுக்காத வரைபடத்தில் எல்லா அறையும் சதுரமாக வரும், பழைய கட்டிடம் ஒன்றும் சதுரமில்லை. தளப்படம் 1:50, சுவர் முகம் 1:20, வளைவு விளிம்பு 1:5.

கமராப் படத்தால் முப்பரிமாணம் செய்வதற்கு அடுத்தடுத்த படம் 70, 80 வீதம் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். விடிய வெயில் ஏற முன் எடுங்கள், இல்லையேல் வளைவின் நிழல் சுவரில் ஒட்டிவிடும். முருகைக்கல் முகத்தில் புள்ளி பிடிப்பது சுலபம், புதிதாக வெள்ளை அடித்த சுவரில் மென்பொருள் தடுமாறும், குறி ஒட்டவேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் தேவை. பங்குனிக்கு இப்ப விண்ணப்பித்தாலும் நெருக்கம்தான்.

ஒல்லாந்தர் காலக் கட்டிடமாயின் அளந்த நீளங்களை அவர்களின் அடியால் பிரித்துப் பாருங்கள். அம்ஸ்ரர்டாம் அடி 28.3 சென்ரிமீற்றர். முழு எண் வந்தால் அது மூல அளவு.

முருகைக்கல் · மாசி 7

வரைபலகை அண்ணை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனிப் பொறியியலாளர் கோட்டை, கட்டிட வேலைக்குப் பிடிச்சது ரைன்லாந்து அளவு. அடி 31.4 சென்ரிமீற்றர், பன்னிரண்டு அடி ஒரு கோல், 3.77 மீற்றர். 28.3 ஆல பிரித்தால் ஒண்டும் பொருந்தாமல், "இது போர்த்துக்கேயர் காலம்" எண்ட பிழையான முடிவுக்குப் போகலாம். ஆங்கிலேயர் பிறகு கட்டின பகுதி 30.48 இல பொருந்தும். இரண்டு அடிக்கும் வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றர்தான், அதனால ஒரு யன்னலை அளந்து முடிவெடுக்காமல், பத்து மீற்றருக்கு மேற்பட்ட நீளங்களில பாருங்கோ.

படச் சான்றுக்கு, ஒல்லாந்தர் காலத்தில யாழ்ப்பாணத்தில இருந்த பால்டேயஸ் பாதிரியாரின்ர 1672 ஆம் ஆண்டு நூலில குடாநாட்டுத் தேவாலயங்களின்ர செதுக்குப் படங்கள் இருக்கு. பார்க்கத்தான் வேணும். ஆனால் தகடு வெட்டி அச்சடித்தது அம்ஸ்ரர்டாமில. தென்னை பனை வித்தியாசம் தெரியாத கையும் பட்டிருக்கலாம். யன்னல் எண்ணிக்கையைச் சுவரில எண்ணுங்கோ, படத்தில எண்ணாதேங்கோ.

வரைபலகை · மாசி 7, இரவு

ரைன்லாந்து சரி. ஏற்றுக்கொள்கிறேன்.

நாற்சார் · மாசி 8

சாந்தும் உப்பும் பேசிப் பேசி மனிதரை மறந்துவிட்டோம். இரண்டு மொழி, இரண்டு நாடு சேர்ந்த குழு முதலில் தடுக்கி விழும் இடம் அது.

தேவாலயச் சுவர் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா என்று வர்த்தமானியில் பாருங்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கே ஒரு துளையிடவும் தொல்லியல் திணைக்கள அனுமதி வேண்டும். பல்கலைக்கழகக் கடிதம் போதாது. மாதிரியை நெதர்லாந்துக்குக் கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வேறு. இரண்டு விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கொடுங்கள். வெட்டுமுகம் செய்ய முடிந்த அளவு இலங்கைக்குள்ளேயே பாருங்கள்.

நாற்சார் வீடு வேறு கதை. குடியிருப்பவர் "எடுங்கோ பிள்ளையள்" என்று சொல்வார், தேத்தண்ணியும் தருவார். அவர் உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்த தேசவழமை, யாழ்ப்பாணத்துச் சொத்து வழமை, இன்றும் இங்கே சட்டம். வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண் பெயரில் வந்திருக்கும், அல்லது சகோதரங்கள் பங்காளிகளாக இருப்பார்கள், பாதிப்பேர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ. காணி உறுதிப் பத்திரத்தில் யார் பெயர் என்று கேட்டு அவர்களிடமும் சம்மதம் எடுங்கள். உள்வீட்டுத் தளப்படத்தையும் படங்களையும் இணையத்தில் போடலாமா என்பது தனிக் கேள்வி, தனிக் கையெழுத்து.

இன்னொன்று. நாடா பிடித்துக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க ஒரு குழு ஊருக்குள் வந்தால், காணியைத் திணைக்களம் எடுக்கப்போகிறது என்ற பயம் இங்கே உடனே எழும். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. முதல் நாளே கிராம அலுவலருக்கும் பங்குத் தந்தைக்கும் அயலுக்கும், யார் வந்திருக்கிறார்கள், எந்தத் தாள் எதற்கு, வரைபடம் எங்கே போகும் என்று தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலச் சம்மதப் படிவத்தை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்துக் கொண்டுவராதீர்கள். ஒரு பக்கத்தில், வாசித்துக் காட்டக்கூடிய தமிழில் எழுதுங்கள்.

களமாணவி · மாசி 8, இரவு

நன்றி. இதுக்குள்ள இன்னொண்டும் வந்திட்டுது. பக்கத்துக் கோயிலில பழைய சுண்ணாம்பு விமானம் இருக்கு, திருப்பணிக்கு இடிக்கப்போகினமாம். நெதர்லாந்துப் பேராசிரியர் இடிக்கவிடாமல் மறிக்கவேணும் எண்டு நிக்கிறார்.

நாற்சார் · மாசி 9

மறிக்கப் போகாதீர்கள், பதியப் போங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை புதுக்கிக் குடமுழுக்குச் செய்வது அந்த மரபின் உயிர். பழைய பொருள் நிற்பது மட்டுமே உண்மைத்தன்மை அல்ல என்பதை உண்மைத்தன்மை பற்றிய சர்வதேச ஆவணமான 1994 ஆம் ஆண்டு நாரா ஆவணமே ஏற்றுக்கொண்டது. அதைப் பேராசிரியருக்கு அனுப்புங்கள்.

நேரம் முக்கியம். பாலஸ்தாபனம் நடந்து சுவாமியைப் பாலாலயத்துக்கு (திருப்பணிக் காலத் தற்காலிக இடம்) மாற்றிய பிறகு விமானத்தில் ஏற இடங்கொடுப்பார்கள். அதற்கு முன் ஏறக் கேட்பதே தவறு. குருக்களிடமும் பரிபாலன சபையிடமும் அந்த நாளைக் கேட்டு, இடிக்கும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் நாட்களில் படம், அளவு, சாந்து மாதிரி எடுங்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், மூலஸ்தானத்தை நோக்கிக் கமரா வேண்டாம். புது விமானத்தையும் சுண்ணாம்பில் கட்ட முடியும் என்று சபைக்கு எடுத்துச் சொல்ல உங்கள் நாலு சோதனைக் கட்டங்கள் உதவலாம். அதைச் சொல்லுகிற வாய் மேசனுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

சுண்ணாம்புச் சூளை · மாசி 9, இரவு

மூட்டு அடைக்கிற ஒழுங்கு விடுபட்டுப்போச்சு. பழைய சாந்தை உளியால மட்டும் எடுங்கோ, கிறைண்டர் கல்லின்ர விளிம்பைத் தின்னும். மூட்டு அகலத்தின்ர இரண்டு மடங்கு ஆழம். தூசியைத் தூரிகையால தட்டி, நல்ல தண்ணி தெளித்து, தண்ணிப் பளபளப்புப் போனதும் சாந்து. ஒரு தரத்தில 15 மில்லிமீற்றருக்கு மேல திணிக்காதேங்கோ, ஆழமெண்டால் அடுத்த படை மறுநாள். பெருவிரல் அழுத்தினால் பதிஞ்சும் ஒட்டாமலும் இருக்கிற நேரம் பார்த்து, விறைத்த தூரிகையால குத்தி முகத்தைத் திறந்துவிடுங்கோ. கரண்டியால மழுக்கினால் மேல பால் தோல் கட்டி உள்ள காற்றுப் போகாது.

சுவர் வெடிப்பில ஆலோ அரசோ முளைச்சிருந்தால் பிடிச்சு இழுக்காதேங்கோ, கல்லும் சேர்ந்து வரும். அடியோட வெட்டி, வேர் பட்டுப்போக விட்டுப் பிறகு அடையுங்கோ. அரசை வெட்ட முதல் அயலைக் கேளுங்கோ.

ரோதை · மாசி 10

தரவு. மூலப் படம், புலக் குறிப்பேட்டின் நகல், ஒலிப்பதிவு மூன்றும் இங்கே ஒரு பிரதி, அங்கே ஒரு பிரதி. 1981 இல் நூலகம் எரிந்த ஊரில் ஒற்றைப் பிரதி வைத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது. பல்கலைக்கழக நூலகத்தோடு, சம்மதம் உள்ள பகுதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் "தரவு இரு பல்கலைக்கழகத்துக்கும் பொது" என்ற வரி குழு வந்து இறங்க முன் கையெழுத்தாகட்டும்.

களமாணவி · மாசி 11

திருத்தின திட்டம் அனுப்பிவிட்டன். சீமெந்து இல்லை. அமிலம் அரிதட்டுக்குப் பிறகு. நாலு கட்டம், இரண்டாம் கிழமை. மேசனுக்குக் கூலி கணக்கில ஏறியிருக்கு. பேராசிரியர் நாரா ஆவணத்தை வாசிச்சிட்டு, பாலஸ்தாபன நாளைக் கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும்: நாலு கட்டத்தையும் எந்தப் பக்கச் சுவரில போடுறது?

முருகைக்கல் · மாசி 11, இரவு

வாடை அடிக்கிற வடகிழக்கு முகத்தில நாலு, சோளகம் அடிக்கிற தென்மேற்கில நாலு. நிலத்தில இருந்து 50 சென்ரிமீற்றருக்கு மேல தொடங்குங்கோ. கட்டத்தின்ர மூலையில கல்லில ஆணி அடிக்காமல், வரைபடத்தில அளவாலேயே இடத்தைக் குறியுங்கோ. அடுத்த தையில மாரி முடிஞ்சதும் அதே தூரத்தில, அதே அளவுகோலை வைச்சு, அதே விடியல் நேரத்தில படம் எடுக்க இங்க நிக்கிற எட்டுப் பேரில இரண்டு பேரை இப்பவே பெயர் எழுதி வையுங்கோ.